மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள்

ஏப்ரல் 11, வெள்ளி

கிரைண்டர் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுநாள்வரை என் மனைவி வடிவு இதில் கோலம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். இன்று பிடுங்கிக்கொண்டேன். எனக்கு யாரிடமாவது கத்தியாக வேண்டும். கடையில் கத்தினால் வாடிக்கை போய்விடும், வீட்டில் கத்தினால் சாப்பாடு போய்விடும்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ஊர் என்று அச்சடித்து இடம் விட்டிருக்கிறார்கள். நிரப்பினேன். ஆறுமுகநயினார். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர். பாளையங்கோட்டை. ‘சிறப்புத் தகுதிகள்’ என்று ஒரு வரி இருந்தது. நேற்றாக இருந்தால் ‘பகா வேட்டையில் பதினாலாவது இடம்’ என்று எழுதியிருப்பேன். இன்று என் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

பகா வேட்டை எங்கள் குழுவின் பெயர். ஏழு, பதின்மூன்று மாதிரி, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண் பகா எண். சின்னதாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நாங்கள் தேடுவது, எழுதினால் ஒரு கோடி இலக்கத்தைத் தாண்டுகிறவை. குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு எண்ணை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், அது வாரக்கணக்கில் ஓயாமல் ஓடிக் கடைசியில் ஒரு மிச்சத்தைத் தரும். மிச்சம் பூஜ்யம் என்றால் அது பகா எண். இல்லையென்றால் பதினாறு எழுத்தில் ஏதோ கிறுக்கல் வரும். அந்த எண்ணைத் தலைமுழுகிவிட்டு அடுத்ததை வாங்க வேண்டியதுதான். குழு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒருவருக்கும் பூஜ்யம் வந்ததில்லை. வந்தால் பேர் வரும், வேறு ஒன்றும் வராது.

ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பார். இரண்டு மிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டாம் சோதனைக்கு வரிசை ஏழு வருடம் நீளம். ஆனால் மாதம் ஒரு குலுக்கல் உண்டு. அதில் வருகிற எண்ணை மட்டும் உடனே சோதிப்பார்கள். என் கெட்ட நேரம், போன மாதம் நான் முடித்த எண் குலுக்கலில் விழுந்து, திருப்பூர் செண்பகலட்சுமி என்ற மகராசி அதைப் போட்டிருக்கிறாள். அவள் மிச்சம் வேறு, என் மிச்சம் வேறு. துபாயில் இருக்கும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் தாகிர் பாய் தன் ராட்சச மெஷினில் மூன்றாவதாகப் போட்டுப் பார்த்தார். செண்பகலட்சுமி சரி, நான் தப்பு.

விதிப்படி அடுத்த எண்ணை நானும் அவளும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒத்துப்போனால் முதல் தப்பைத் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் என் மெஷினில் ஐந்து வருடமாக வந்த அறுபத்து மூன்று எண்களும் சந்தேகக் கணக்கு. அத்தனையும் குப்பை.

வெயில்தான் காரணம். அல்லது கரண்ட். இந்த ஊர் கரண்டில் எதுதான் ஒழுங்காக ஓடும்?

ஏப்ரல் 12, சனி

மாப்பிள்ளையைக் கழற்றித் தூசி தட்டினேன். மாப்பிள்ளை என்பது என் கம்ப்யூட்டர். வீட்டில் தனி ஃபேன், தனி இன்வெர்ட்டர், தொட்டால் நான் பதறுவது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வடிவு வைத்த பெயர். உள்ளே ஒரு பல்லி முட்டை கிடந்தது. ஆக, பல்லிதான் காரணம்.

இன்னொரு சின்ன மாற்றமும் செய்தேன். அதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, பாயசம். நல்ல நேரம் பார்த்துக் காலை பத்தேகாலுக்குப் புது எண்ணைப் போட்டேன். திருப்பூரிலும் அதே நேரத்துக்குப் போட்டிருப்பாள். முடிய இருபத்தெட்டு நாள் என்று திரை காட்டியது.

வடிவு பாயச டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். “போன தடவை இருபத்தொரு நாளுல்லா போட்டிருந்திச்சு?”

“வெயில் காலம்லா. மெதுவாத்தான் ஓடும்.”

“வெயிலுக்கு மனுசன்தான் மெதுவா ஓடுவான்.” டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முந்திரிப்பருப்பு எண்ணி நாலு.

ஏப்ரல் 19, சனி

அமலோற்பவம் டீச்சர் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் கருகி, கடை முழுக்க நாற்றம். ஆமவடைக்குப் பருப்பை மூணாம் நம்பரில் வைத்து இருபது நிமிடம் விடாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

“ஏன் டீச்சர், கொஞ்சம் நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டக் கூடாதா?”

“விருந்தாளி வந்துட்டாங்க சார். சீக்கிரம் ஆவணும்னு...”

“சீக்கிரம் ஆவணும்னு அதைப் போட்டுக் கொல்லுததா? எந்த வேகத்துக்குச் செஞ்சானோ அந்த வேகத்துலதான் எதுவும் ஓடும். அதுக்கு மேல விரட்டினா, ஓடுத மாதிரி ஓடும், உள்ள என்ன வேகுதுன்னு நமக்குத் தெரியாது!”

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த வடிவு, ரிப்பேருக்குக் கொடுத்த கிரைண்டரை வாங்க வந்தவளிடம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் எதற்கு அப்படிக் கத்தினேன் என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

செண்பகலட்சுமி போன் செய்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் விறைப்பாகத்தான் ‘சொல்லுங்க’ என்றேன். அவளுக்கு விறைப்பெல்லாம் காதில் ஏறவில்லை.

“ஏனுங்ணா, நல்லாருக்கீங்ளா? எம்மேல கோவமுங்ளா?”

“கோவமென்ன, விதி அப்படி.”

“நான் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறனுங்ணா. நாள் பூராம் அடுத்தவங்க தெச்சதுல ஓட்டை இருக்குதான்னு தேடறதுதான் என்ற பொழப்பு. வூட்டுக்கு வந்தாலும் அதே வேலை ஆயிப்போச்சு பாருங்.” சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு கேட்டாள்: “தப்பா நெனைக்காதீங்ணா. மெஷின்ல வேகங்கீகம் ஏத்தி வெச்சிருக்கீங்ளா? அப்பிடி இருந்தாத்தான் இந்த மாதிரி மிச்சம் மாறும்.”

“இல்லை” என்றேன்.

இது பொய்யில்லை. அவள் கேட்டது இன்றைக்கு. இன்றைய தேதியில் என் மெஷினில் வேகம் ஏற்றி வைக்கப்படவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அவள் கேட்டது நேற்றைய நிலவரம்தான். நான் சொன்னதும் நேற்றைய நிலவரம்தான்.

மே 2, வெள்ளி

வீட்டில் போர். கரண்ட் போயிருந்தது. மாப்பிள்ளை இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தான். ‘இந்த பிளக்கில் கிரைண்டர் போடாதே’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். வடிவு அந்தச் சீட்டின் மேலேயே ஈரக் கையை வைத்துக் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி அணைந்தது. மாப்பிள்ளை படுத்துவிட்டான்.

“ஏ கூறுகெட்டவளே, படிக்கத் தெரியாதா உனக்கு?”

“நாளைக்குத் தென்காசி கலியாணத்துக்குப் போணும்னு அவசரமா மாவாட்டுதேன். உங்க மாப்பிள்ளைக்கு எழுதி ஒட்டுதீங்களே, எனக்கு ஒரு நாளாவது ‘வடிவு மேல வேலையைப் போடாதே’ன்னு எழுதி ஒட்டுனீங்களா?”

இன்வெர்ட்டரைத் திரும்பப் போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை கணக்கைப் பத்திரப்படுத்திக்கொள்ளும் என்பதால் இருபது நிமிட வேலைதான் நஷ்டம். மீதி மாவை நான் ஆட்டினேன், கையால், பழைய ஆட்டுரலில். தோள்பட்டை கழன்றுவிட்டது.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பூஜை அலமாரிக்குப் பக்கம் என்பதால் மாப்பிள்ளையை அங்கே மாற்றினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

மே 5, திங்கள்

செண்பகலட்சுமி நேற்றே முடித்துவிட்டாள். அவள் மெஷின் புதுசு, இருபது நாளில் முடிக்கும். விதிப்படி தன் மிச்சத்தைத் தாகிர் பாய்க்கு மட்டும் அனுப்பிவிட்டாள். நான் முடிக்கும்வரை அவர் யாருக்கும் காட்டமாட்டார். சரியான விடை ஒருவரிடம் மூடி இருக்கிறது, நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பரீட்சை எழுதிய நாட்களில்கூட நான் இத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

மே 9, வெள்ளி

இந்த டைரியை வடிவு படிக்கமாட்டாள். யாரும் படிக்கமாட்டார்கள். எழுதித் தொலைக்கிறேன்.

போன வருடம் விநாயகர் சதுர்த்தி அன்று மாப்பிள்ளையின் வேகத்தை ஏற்றினேன். தேனி ராஜகிளி என்று ஒருவன் குழுவில் இருக்கிறான். தரவரிசையில் எனக்கு நேர் மேலே பதினாலாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘பதினஞ்சுல காத்தாட இருக்கா அண்ணே?’ என்று வாரம் ஒரு தடவை கேட்பான். எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டாரோடு முப்பது வருடம் பழகினவனுக்கு அமைப்பில் நாலு எண்ணை மாற்றத் தெரியாதா? இருபத்தெட்டு நாள் வேலை இருபத்தொரு நாளில் முடிந்தது. தீபாவளிக்கு நான் பதினாலு, ராஜகிளி பதினஞ்சு. அன்றைக்கு இரண்டு லட்டு கூடச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து ஏப்ரல்வரை பத்து எண்கள். ஒன்று பிடிபட்டுவிட்டது. பாக்கி ஒன்பது.

ஏப்ரல் 12ஆம் தேதி நான் செய்த சின்ன மாற்றம், வேகத்தைப் பழையபடி இறக்கியது. அதனால் இப்போது ஓடும் எண் ஒத்துப்போகும். ஒத்துப்போனால் எல்லாம் சரியாகிவிடும்.

எல்லாம் என்றால், அந்த ஒன்பதைத் தவிர.

மே 15, வியாழன்

ஒத்துப்போய்விட்டது! பதினாறு எழுத்தும்! திங்களன்று நான் அனுப்பியதை ஒத்துப் பார்த்துவிட்டுத் தாகிர் பாய் குழுவில் போட்டார்: ‘ஆறுமுகநயினார் அண்ணன் மெஷின் சுத்தம். முன்னால் வந்தது தற்செயல். வழக்கு முடிந்தது.’ எழுபது பேர் கை தட்டும் படம் போட்டார்கள். செண்பகலட்சுமி ‘எனக்குத் தெரியுமுங்ணா’ என்று எழுதியிருந்தாள். ராஜகிளிகூட, ‘பதினாலு உங்களுக்கே அண்ணே, நான் கீழ நின்னு ஏணி பிடிக்கேன்’ என்றான்.

வடிவு கேசரி கிண்டினாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சர்க்கரை தூக்கல்.

மே 16, வெள்ளி

அமலோற்பவம் டீச்சர் மிக்சியை வாங்கிப்போக வந்தார்கள். “இனிமே ஒண்ணுல வச்சு, நிப்பாட்டி நிப்பாட்டித்தான் ஓட்டுவேன் சார். நீங்க சொன்னது அன்னைக்குப் பூரா மனசுலேயே இருந்துச்சு” என்றார்கள். அவர்கள் போகும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை. திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேசரியைப் பூராம் காக்காதான் தின்னுச்சு. என்ன விசயம்?”

“ஒண்ணுமில்ல. சர்க்கரை தூக்கல்.”

“சர்க்கரை எப்பவும் போடுததுதான்.” கொஞ்ச நேரம் மாப்பிள்ளை பக்கம் காதைக் கொடுத்தாள். “சதுர்த்தி அன்னைக்கு நான் கொழுக்கட்டை அவிச்சிட்டு இருந்தேன். அப்பத்தான் இவன் கத்த ஆரம்பிச்சான். ஒரு மாதிரி இழுத்து இழுத்து. போன மாசம் நீங்க தூசி தட்டுன அன்னைக்கு நிப்பாட்டிட்டான். முப்பது வருசமா மோட்டார்க் கடைக்காரனுக்குப் பொண்டாட்டியா இருக்கேன். எந்த மோட்டாரை விரட்டி ஓட்டுதாவன்னு எனக்குச் சத்தத்துல தெரியாதா?”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“டீச்சரை அந்த ஏச்சு ஏசுனீங்களே அன்னைக்கு, எனக்குச் சிரிப்பும் வந்திச்சு, பாவமாவும் இருந்திச்சு. எத்தனை?”

“ஒம்பது.”

“அதுல நீங்க தேடுத பூஜ்யம் இருந்திருந்தா?”

“இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நான் இல்லைன்னுட்டா, ஏழு வருசத்துக்கு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்க.”

“அப்பம் சொல்லிருங்க.”

“பேரு நாறிப்போவும் வடிவு! நேத்துத்தான் எழுபது பேரு கை தட்டுனான்.”

“சரி, நாறட்டும். கேசரியாவது இறங்கும்லா.”

மே 18, ஞாயிறு

ஆறு தடவை எழுதி அழித்தேன். முதலாவதில் ‘கோடை வெப்பம் காரணமாக’ என்று இருந்தது. இரண்டாவதில் பல்லி வந்தது. நாலாவதில் ராஜகிளியைத் திட்டியிருந்தேன். ஏழாவதை அனுப்பினேன்:

‘போன வருடம் விநாயகர் சதுர்த்தியிலிருந்து இந்த ஏப்ரல்வரை என் மெஷினில் வேகத்தை ஏற்றி ஓட்டினேன். இடம் பிடிக்க ஆசைப்பட்டுச் செய்தேன். அந்தக் காலத்தில் முடித்த ஒன்பது எண்களை நம்ப வேண்டாம். செண்பகலட்சுமி நேரில் கேட்டபோதும் மறைத்தேன். மன்னிக்கவும்.’

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். நான் பூஜை அலமாரிப் பக்கமே போகவில்லை.

மே 19, திங்கள்

தாகிர் பாய் போன் செய்தார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, மனிதர் சங்கடப்பட்டார். “அண்ணே, விதியை நான்தான் எழுதினேன். எனக்கு வேற வழியில்ல. ஒரு வருஷத்துக்கு உங்களுக்குப் பெரிய எண் கெடையாது. சின்ன வேலைதான். பத்து எண்ணோட புள்ளியும் போகும்.”

“அந்த ஒம்பதையும் நானே திரும்பப் போட்டுத் தாரேன் பாய். இருபத்தெட்டு நாள் கணக்குல, எவ்வளவு நாளானாலும் சரி.”

“முடியாதுண்ணே. தன் எண்ணைத் தானே சரிபார்க்கக் கூடாது. முதல் விதியே அதுதானே. உங்க கையை விட்டுப் போயிருச்சு.”

இதுதான் சுட்டது. புள்ளி போனதுகூட இல்லை. என் கையால் கெட்டதை என் கையால் சரிசெய்ய வழியில்லை.

பதினாலிலிருந்து முப்பத்தொன்பதுக்கு விழுந்தேன். ராஜகிளி ஒரே வரி எழுதினான்: ‘அண்ணே, என்னைப் பாத்தா அவ்வளவு பயமாவா இருந்துச்சு?’ வாசித்துவிட்டு, வெட்கம் கெட்டுப்போய்ச் சிரித்தேன்.

மே 21, புதன்

ஒன்பது எண்களையும் ஒன்பது பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரையும் வற்புறுத்தவில்லையாம். முதல் ஆளாகக் கை தூக்கியது ராஜகிளி. இரண்டாவது எண்ணைச் செண்பகலட்சுமி எடுத்தாள். பொய் சொன்னதற்கு அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

“அட வுடுங்ணா. கம்பெனில பீஸ்ல ஓட்டைன்னா, தெச்சவங்க ஒருத்தராச்சும் நான்தான் தெச்சேன்னு இதுவரைக்கும் வந்து சொன்னதில்லீங். நீங்கதான் மொத ஆளு.”

நான் பாராட்டுக்கு ஏங்குகிறவன் இல்லை. இருந்தாலும் இதை எழுதி வைக்கிறேன்.

கேசரி இறங்கியது.

ஜூன் 6, வெள்ளி

சின்ன வேலை என்றால், பெரிய எண்களைச் சோதிப்பதற்கு முன் சில்லறை எண்களால் வகுபடுகிறதா என்று சலித்துக் கொடுப்பது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. பேரும் வராது, பூஜ்யமும் வராது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்று முடிகிறது. நேற்று ஒரு நாளில் ஐந்து எண்களைக் கழித்துக் கட்டினேன். ஐந்து பேருக்கு ஆளுக்கு இருபத்தெட்டு நாள் மிச்சம். வடிவிடம் சொன்னேன். “அப்பம் மாப்பிள்ளை இப்பத்தான் வீட்டு வேலை செய்ய ஆரம்பிச்சிருக்காரு” என்றாள்.

கேட்டு வாங்கியவர்களில் பலருடையது பதினைந்து நாளில் முடிக்கிற ராட்சச மெஷின், அதனால் ஒன்பதில் ஆறு முடிவுகள் அதற்குள் வந்துவிட்டன. நாலு என் மிச்சத்தோடு ஒத்துப்போயின. இரண்டு தப்பு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஒவ்வொன்று வரும்போதும் பூஜ்யமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

எட்டு வந்துவிட்டது. இன்னும் ஒரு தப்பு, ஒன்று சரி. பாக்கி இருப்பது செண்பகலட்சுமியின் எண். இருபது நாள் நேற்றோடு சரி. அவள் ஒரு நாள்கூடப் பிந்தினவள் இல்லை. ராஜகிளி குழுவில் கேட்டான். ‘இங்க கரண்ட் இல்லீங்’ என்று எழுதினாள்.

ஜூன் 13, வெள்ளி

மெஷின் கெட்டுப்போயிருக்குமோ, என் எண்ணால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமோ என்று நானே போன் செய்தேன்.

“ஏம்மா, மெஷின்ல ஏதும் கோளாறா? என்ன சத்தம் வருதுன்னு சொல்லு, போன்லயே பாத்துச் சொல்லுதேன்.”

“இல்லீங்ணா... மெஷின் நல்லாத்தானுங் இருக்குது.”

“அப்ப கரண்ட் இன்னும் வரலையா?”

“கரண்ட்டா? ஆமாங்ணா. வரலீங்.” பின்னால் டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். செண்பகலட்சுமிக்குக் குரல் ஒரு நிலையில் இல்லை. “அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங். இந்த எண்ணை நீங்க எந்தத் தேதி முடிச்சீங்?”

“அக்டோபர் பத்தொம்பது. சனிக்கிழமை. ஏம்மா?”

“சும்மாதானுங்ணா.” மூக்கை உறிஞ்சினாள். வைத்துவிட்டாள்.

நான் போனைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் விதிப்புத்தகத்தில் பதினோரு வருடமாக ஒருவரும் பயன்படுத்தாத ஒரு பக்கம் உண்டு. ஒரு குறிப்பிட்ட மிச்சம் வந்தால், தாகிர் பாயைத் தவிர யாரிடமும் மூச்சு விடக்கூடாது. வேறு இரண்டு மெஷின்கள் ஒப்புக்கொள்ளும்வரை வாயைக் கட்ட வேண்டும். யாராவது கேட்டால் கரண்ட் இல்லை என்று சொல்லலாம் என்று நாங்களே வேடிக்கையாக எழுதி வைத்தது.

நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. எழுதினாலும் விதி மீறல்தான். எழுதவில்லை.

ஜூன் 14, சனி

ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றுமில்லை. அமலோற்பவம் டீச்சர் வீட்டுக் கிரைண்டருக்குக் காசு வாங்காமல் பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். நான்கு கடைக்கு நானே வலியப் போய் வணக்கம் சொன்னேன். வடிவு, “ரெண்டு நாளா பாட்டு முணங்குதீங்க, மூணாம் நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிடுதீங்க. டாக்டர்கிட்ட போவமா?” என்கிறாள். கரண்ட் சரியில்லை என்றேன்.

ஜூலை 2, புதன்

காலை பதினொன்றுக்கு அறிவித்துவிட்டார்கள். பகா வேட்டையின் முதல் பகா எண். ஒரு கோடியே நாலு லட்சத்துச் சொச்சம் இலக்கம். இதைவிடப் பெரியவை உலகத்தில் இருக்கட்டும், எங்களுக்கு இதுதான் தலைச்சன். கண்டுபிடித்தவர்: செண்பகலட்சுமி, திருப்பூர்.

குழுவில் ஒரே கூத்து. நாற்பது வயதுக்காரர்கள் குரல் பதிவு போட்டு விசில் அடிக்கிறார்கள். செண்பகலட்சுமிக்கு அவள் கம்பெனியில் எல்லோருமாகச் சேர்ந்து பனியன் துணி மாலை போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். அழுத முகத்தோடு சிரிக்கிறாள்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது அடுத்த பொய். அக்டோபர் 19 சனிக்கிழமை, அந்த எண் இருபத்தொரு நாள் என் வீட்டில் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. நான் இருபத்தெட்டு நாள் கொடுத்திருந்தால் அந்த மாலை என் கழுத்தில். ஒரு இடம் மேலே போவதற்காக அவசரப்பட்டேன். வந்த பூஜ்யத்தைக் கிறுக்கலாக்கி அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு லட்டு தின்றேன்.

வடிவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“நம்ம வீட்டுக்கா வந்திச்சு அது?”

“ஆமா.”

“நீங்க அன்னைக்கு வாயைத் தொறக்கலைன்னா?”

“இன்னும் ஏழு வருசம் இல்லைன்னே கெடந்திருக்கும்.”

“அப்பம் ஏன் அழுதீங்க? சவத்தை விடுங்க. எந்திரிங்க, கடைக்குப் போய் ரவை வாங்கிட்டு வாங்க.”

போனேன். முந்திரிப்பருப்பும் வாங்கினேன். வழியெல்லாம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலை 5, சனி

தாகிர் பாய் பேசினார். புதுப் பகா எண்ணுக்கு நிரந்தரப் பதிவுப் பக்கம் ஒன்று தயார் செய்கிறார்களாம். குழு இருக்கும்வரை அது இருக்கும். வழக்கப்படி இரண்டு வரி: முதல் சோதனை யார், இரண்டாம் சோதனை யார்.

“அண்ணே, அதுல உங்க பேருக்கு நேரா ‘தவறு’ன்னு வருது. காலத்துக்கும் நிக்கும். நீங்க சொன்னீங்கன்னா அந்த வரியை எடுத்துடுறேன். குழுவுல எல்லாருக்கும் சம்மதம்தான். ராஜகிளிதான் மொதல்ல கேட்டான்.”

கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் அதுவும் பொய்தான்.

“இருக்கட்டும் பாய். நடந்தது அதுதானே. எடுத்தா அதுவும் வேகத்தை ஏத்துன கணக்காப் போயிரும்.”

“சரிண்ணே. ஆனா செண்பகம் ஒரு ரெண்டு வார்த்தை சேர்க்கச் சொல்லி ஒத்தக் கால்ல நிக்கிறா. சேர்த்தாத்தான் தன் பேரைப் போட விடுவாளாம்.”

சாயங்காலம் பக்கம் வந்தது. வடிவு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டாத குறையாக உரக்க வாசித்தாள்:

‘முதல் சோதனை: ஆறுமுகநயினார், பாளையங்கோட்டை. தவறு. தானே சொன்னார்.

இரண்டாம் சோதனை: செண்பகலட்சுமி, திருப்பூர். பூஜ்யம்.’

வாசித்துவிட்டு, திரும்ப முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு இந்த டைரியை என் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி, ‘சிறப்புத் தகுதிகள்’ என்ற காலி வரியில் அவள் கோலப் பேனாவால் அந்த முதல் வரியின் கடைசி இரண்டு வார்த்தையையும் எழுதிவிட்டு, கிரைண்டரைப் போடப் போனாள். எந்த பிளக்கில் என்று நான் கேட்கவில்லை.